கசடுச் சூரிய உலர்த்தல்

கழிவுநீர் சுத்திகரிப்பில் மிஞ்சும் கசடை, கண்ணாடி அல்லது பாலிகார்பனேட் கூரையிட்ட கூடங்களில் பரப்பி வெயிலில் உலர்த்தும் முறை. இயந்திரத்தில் பிழிந்த பிறகும் கசடில் முக்கால் பங்கு தண்ணீர்தான். அந்தத் தண்ணீரைச் சுமக்கவே லாரிச் செலவு வீணாகிறது.

ஜெர்மனியின் ஹோஹன்ஹைம் பல்கலைக்கழக ஆய்வுகள் 1990களில் இம்முறைக்குத் தானியங்கி வடிவம் தந்தன. வெயில் மட்டும் போதாது, காற்றோட்டமே உயிர்நாடி. உணரிகள் ஈரப்பதத்தை அளக்க, கணினி விசிறிகளையும் கூரைத் திறப்புகளையும் இயக்குகிறது. சக்கரம் பூட்டிய எஃகுத் தானியங்கி கசடுக்குள் மெல்ல ஊர்ந்து, மேலே படிந்த ஏட்டைக் கிழித்து, அடியிலிருக்கும் ஈரக் கட்டிகளைப் புரட்டிப் போடுகிறது. கிளறாமல் விட்டால் அடிக்கசடு அழுகி நாறும்.

ஸ்பெயினின் மயோர்க்கா தீவிலுள்ள பால்மா நிலையம் இவ்வகையில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. இம்முறையில் உலர்ந்த குருணை சிமெண்டுச் சூளைகளுக்கு எரிபொருளாகவும் பயன்படும். மழைக்காலத்தில் உலர்த்தல் மந்தப்படுவதுதான் பெருங்குறை.