இணையவழி நூலகப் பரப்புரையும் பயன் அளவீடும்: அந்தமான் நிக்கோபார் தீவுகள்

நூலகத்தில் உள்ள நூல்கள், மின்னூல்கள், படிப்பக வசதி, நிகழ்ச்சிகள் ஆகியவற்றை இணையதளம், தேடுபொறி, வாட்ஸ்அப், சமூக ஊடகம் ஆகியவற்றின் வழியே மக்களுக்குத் தெரியப்படுத்துவது இணையவழி நூலகப் பரப்புரை எனப்படும். அதனால் எத்தனை பேர் பயனடைந்தனர், யார் விடுபட்டனர் என்பதை எண்களாலும் வாசகர் சொல்வதைக் கேட்டும் அறிவது பயன் அளவீடு. அந்தமான் நிக்கோபார் போன்ற தீவுக் கூட்டத்தில் இவ்விரண்டுக்கும் தனித்தன்மை உண்டு. செய்தி நொடியில் போய்ச் சேர்கிறது. அச்சு நூல் கப்பலேறித்தான் சேர வேண்டும். ஆகவே இங்கே பரப்புரையின் வெற்றியைத் திரையில் விழும் எண்களை மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது. நூல் வாசகர் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதே இறுதிக் கணக்கு.

தீவுகளும் வாசகரும்

தீவுகள், திட்டுகள், பாறைகள் என மொத்தம் 836 உள்ள இந்த ஒன்றியப் பகுதியில் 31 தீவுகளில் மட்டுமே மக்கள் வாழ்கின்றனர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 3,80,581. இதில் தெற்கு அந்தமான் மாவட்டத்தில் 2,38,142 பேரும், வடக்கு மற்றும் நடு அந்தமான் மாவட்டத்தில் 1,05,597 பேரும், நிக்கோபார் மாவட்டத்தில் 36,842 பேரும் இருந்தனர். எழுத்தறிவு 86 விழுக்காட்டுக்கும் மேல். வங்காளம், இந்தி, தமிழ், தெலுங்கு, நிக்கோபாரியம், மலையாளம் ஆகியவை முதன்மையான மொழிகள். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 15 விழுக்காட்டினர்.

தலைநகர் போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்டது. மாநில நூலகம் இந்நகரில் இயங்குகிறது. 1967-இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரியும், மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனமும் இங்கேதான் உள்ளன. படிக்க விரும்புபவர் எல்லாத் தீவுகளிலும் இருக்கிறார். பெரிய நூல் இருப்பும் நூலகப் பணியாளரும் தலைநகரில் திரண்டிருப்பதால், லிட்டில் அந்தமானின் ஹட் பேயிலும் கிரேட் நிக்கோபாரின் கேம்பெல் பேயிலும் இருப்பவருக்கு ‘நூலகத்தில் என்ன இருக்கிறது’ என்ற செய்தியே முதல் சேவையாகிறது.

வரலாற்றுப் பின்புலம்

இந்தத் தீவுகளில் வாசிப்பு, போராடிப் பெற்ற உரிமையாகவும் இருந்திருக்கிறது. செல்லுலார் சிறையில் 1933-இல் அரசியல் கைதிகள் நடத்திய உண்ணாநோன்பில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோகித் மொய்த்ரா ஆகிய மூவர் உயிர் நீத்தனர். நல்ல உணவு, விளக்கு ஆகியவற்றோடு படிப்பதற்கான வசதியும் அந்தப் போராட்டத்தின் கோரிக்கைகளுள் ஒன்று.

நூலகப் பரப்புரைக்கான கொள்கை அடித்தளத்தைத் தந்தவர் சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் (1892–1972). அவருடைய நூலக அறிவியலின் ஐந்து விதிகள் 1931-இல் வெளிவந்தன. ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் உண்டு என்னும் மூன்றாம் விதியின் கீழேயே அவர் விளம்பரத்தையும் விரிவாக்கப் பணியையும் வைத்துப் பேசினார். அலமாரியில் தீண்டப்படாமல் கிடக்கும் நூலுக்கு வாசகரைத் தேடித் தருவது நூலகரின் கடமை என்பது இதன் பொருள். அதே 1931-இல் மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டுவண்டி நூலகம் ஊர் ஊராகச் சென்றது. வண்டி வரும் நாளை ஊருக்கு முன்கூட்டிச் சொல்வதும், எந்த ஊரில் எத்தனை நூல் எடுக்கப்பட்டது என எழுதிவைப்பதும் அத்தகைய சேவையின் உயிர்நாடி. தீவு நூலகத்தின் இன்றைய பரப்புரையும் அளவீடும் அதன் தொடர்ச்சியே.

இணைய இணைப்பு

2020 வரை இத்தீவுகள் பெரும்பாலும் செயற்கைக்கோள் வழி இணைப்பையே நம்பியிருந்தன. வேகம் குறைவு, செலவு அதிகம். சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளத்துக்கு இடப்பட்ட கடலடி ஒளியிழை வடம் 2020 ஆகஸ்ட் 10 அன்று தொடங்கிவைக்கப்பட்டது. இது தலைநகரோடு சுவராஜ் தீவு, லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் ஆகிய இடங்களையும் இணைக்கிறது. பொதுச் சேவைக் கடப்பாட்டு நிதியிலிருந்து ஏறத்தாழ 1,224 கோடி ரூபாய் செலவில் பிஎஸ்என்எல் இதை நிறைவேற்றியது. மின்னூலும் காணொலியும் தீவுகளில் நடைமுறைக்கு உகந்த சேவைகளானதற்கு இந்த வடமே முதன்மைக் காரணம். வடம் தொடாத சிறு தீவுகளுக்கு எடை குறைந்த பக்கங்களும் எழுத்துச் செய்திகளும் இன்றும் தேவை.

பரப்பத்தக்க சேவைகள்

முதலாவது, நூலகத்தின் சொந்த நூற்பட்டியல். தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய இ-கிரந்தாலயா மென்பொருள் அரசு நூலகங்களுக்குக் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதன் நான்காம் பதிப்பு மேகக் கணினியில் இயங்குவது. நியூசிலாந்தில் பிறந்து 2000-இல் பயன்பாட்டுக்கு வந்த கோஹா என்னும் கட்டற்ற மென்பொருளும் இந்தியாவில் பரவலாகப் பயன்படுகிறது. இவற்றின் வழியே வாசகர் வீட்டிலிருந்தே நூல் இருப்பைப் பார்த்து முன்பதிவு செய்யலாம். படகேறி வந்து ‘நூல் வெளியே போயிருக்கிறது’ என்ற பதிலோடு திரும்பும் துன்பத்தை இந்த ஒரு வசதியே தவிர்த்துவிடும்.

இரண்டாவது, பிற நிறுவனங்களின் திறந்த மின்னூலகங்கள். ஐஐடி கரக்பூர் நடத்தும் இந்திய தேசிய மின்னூலகம் 2018 ஜூன் 19 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. தமிழ் வாசகருக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், ஈழத்து நூல்களைத் திரட்டும் நூலகம் நிறுவனம் ஆகியவை உள்ளன. தீவு நூலகம் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் இவற்றைத் தன் பக்கத்தில் வரிசைப்படுத்தி, எதில் என்ன கிடைக்கும் என்று இரண்டிரண்டு வரியில் விளக்கினால் அதுவே நல்ல பரப்புரை.

பரப்புரை வழிகள்

தேடுபொறி வரைபடத்தில் நூலகத்தின் பெயர், திறக்கும் நேரம், விடுமுறை நாள் ஆகியவை சரியாக இருப்பது அடிப்படைத் தேவை. தலைநகரின் பெயர் மாறியுள்ளதால் பழைய பெயர், புதிய பெயர் எதைக் கொண்டு தேடினாலும் நூலகம் கிடைக்கும்படி பக்கத்தில் இரு பெயர்களையும் எழுதுவது நல்லது.

வாட்ஸ்அப் ஒளிபரப்புப் பட்டியல் தீவுகளுக்கு மிகவும் ஏற்ற வழி. புதிய நூல்களின் அட்டைப் படத்தைவிட, ‘போட்டித் தேர்வுக்கு இந்த ஐந்து நூல்கள், இந்தத் தேதிக் கப்பலில் வருகின்றன’ என்ற செய்தி அதிகம் பயன்படும். பீனிக்ஸ் பே போன்ற படகுத்துறைகளில் கியூஆர் குறியீட்டுடன் சுவரொட்டி ஒட்டுவது, காத்திருக்கும் பயணியை நூற்பட்டியலுக்கு அழைத்துச் செல்லும். வானொலி, உள்ளூர் நாளிதழ் அறிவிப்புகளில் நூலகத்தின் குறுகிய இணைய முகவரியைச் சேர்க்கலாம். தமிழ்நாட்டு நூலகங்களில் உள்ள வாசகர் வட்டம் போன்ற அமைப்பு இருந்தால், உறுப்பினர்களே தத்தம் தீவில் செய்தியைக் கொண்டுசேர்ப்பர்.

மொழியும் எழுத்தும்

ஒரே செய்தியை எல்லோருக்கும் ஆங்கிலத்தில் அனுப்புவது இங்கே பயன் தராது. நிக்கோபாரிய மொழி ரோமன் எழுத்தில் எழுதப்படுகிறது. மற்றவை தத்தம் எழுத்துகளில். நூற்பட்டியலில் தமிழ் நூலின் தலைப்பு ரோமன் எழுத்தில் மட்டும் இருந்தால், தமிழில் தட்டச்சு செய்து தேடும் வாசகருக்கு ‘முடிவு இல்லை’ என்றே வரும். ழகரத்தை ரோமன் எழுத்தில் ஆளுக்கொரு விதமாக எழுத்துக்கூட்டுவதால் ரோமனில் தேடுபவரும் ஏமாறுவார். மார்க் 21 பட்டியல் வடிவத்தின் 880-ஆம் புலம், ஒரே தலைப்பை இன்னோர் எழுத்திலும் பதிவு செய்ய இடம் தருகிறது. அதை நிரப்பாமல் செய்யும் பரப்புரை, வாசகரை அழைத்துவந்து பூட்டிய கதவின் முன் நிறுத்துவதாகும்.

அளவீட்டு முறைகள்

நூலகச் செயல்பாட்டுக்கான ஐஎஸ்ஓ 11620 தரநிலை முதன்முதலில் 1998-இல் வெளிவந்தது. இலக்கு மக்களில் எத்தனை விழுக்காட்டினரைச் சேவை எட்டியது, தலைக்கு எத்தனை இரவல், ஓர் இரவலுக்கு ஆன செலவு முதலிய குறியீடுகளை அது வகுக்கிறது. ஐஎஸ்ஓ 2789 புள்ளிவிவரங்களை எண்ணும் முறையையும், 2014-இல் வந்த ஐஎஸ்ஓ 16439 நூலகம் மக்கள் வாழ்வில் ஏற்படுத்தும் தாக்கத்தை மதிப்பிடும் முறையையும் கூறுகின்றன. மின்வளப் பயன்பாட்டை எண்ணக் கவுண்டர் விதித்தொகுப்பு உள்ளது. அது ஒரு நூலின் விவரத்தைப் பார்ப்பதையும் முழுப்பாடத்தைத் திறப்பதையும் தனித்தனியே எண்ணுகிறது.

இணையதள வருகையை எண்ணக் கூகுள் அனலிட்டிக்ஸ், மட்டோமோ ஆகிய கருவிகள் பயன்படுகின்றன. மட்டோமோவை நூலகம் தன் சொந்தக் கணினியிலேயே நிறுவித் தரவைத் தன்னிடமே வைத்துக்கொள்ளலாம். எந்த வழியாக வாசகர் வந்தார் என அறிய, பகிரும் ஒவ்வோர் இணைப்பின் இறுதியிலும் மூலம், ஊடகம், பரப்புரையின் பெயர் ஆகிய அடையாளச் சொற்களைச் சேர்க்க வேண்டும். இல்லாவிடில் வாட்ஸ்அப்பிலிருந்து வருபவர் பலர் ‘நேரடி வருகை’ என்றே பதிவாவர். ஒவ்வொரு படகுத்துறைச் சுவரொட்டிக்கும் வெவ்வேறு கியூஆர் குறியீடு தந்தால் எந்தத் துறையில் பயன் விளைந்தது என்பது தெரியும்.

பயனைப் படிகளாகப் பிரித்து எண்ணுவது தெளிவு தரும். செய்தியைப் பெற்றவர், இணைப்பைத் திறந்தவர், பட்டியலில் தேடியவர், முன்பதிவு செய்தவர், நூலைக் கையில் பெற்றவர் என ஐந்து படிகள். 200 பேர் இணைப்பைத் திறந்து 14 பேர் முன்பதிவு செய்தால் செயல்விகிதம் 7 விழுக்காடு. அந்த 14 பேரில் 6 பேருக்கே நூல் போய்ச் சேர்ந்தது என்றால், சீர்செய்ய வேண்டியது அனுப்பும் ஏற்பாடு. விளம்பரத்தை மேலும் கூட்டுவது மனக்குறையையே கூட்டும்.

தீவுச் சூழலுக்குரிய கணக்குகள்

மொத்த எண்ணிக்கை தீவுகளில் தவறான படத்தைத் தரும். தெற்கு அந்தமானிலும் நிக்கோபாரிலும் தலா 500 பேர் நூல் எடுத்ததாக வைத்துக்கொள்வோம். 2011 மக்கள்தொகையின்படி முன்னதில் அது 0.21 விழுக்காடு, பின்னதில் 1.36 விழுக்காடு. எண்ணிக்கை ஒன்றாக இருந்தும் எட்டிய அளவு ஆறு மடங்குக்கும் மேல் வேறுபடுகிறது. ஆகவே மாவட்டவாரியாக, இயன்றால் தீவுவாரியாக, மக்கள்தொகையோடு ஒப்பிட்டே எழுத வேண்டும்.

கோரிக்கை வைத்த நாள் முதல் நூல் கைசேரும் நாள் வரையிலான காலம் இன்னொரு முதன்மையான குறியீடு. ஐந்து நூல்கள் 3, 4, 4, 5, 24 நாள்களில் சேர்ந்தன எனக் கொள்வோம். சராசரி 8 நாள். இடைநிலை 4 நாள். பருவமழையில் கப்பல் நின்றுபோவதால் சராசரி ஏறுகிறது. எனவே இடைநிலையே வழக்கமான நிலையைக் காட்டும். ஆயினும் 24 நாள் காத்திருந்த வாசகரை இடைநிலை மறைத்துவிடுகிறது. தீவு நூலகத்தின் அறிக்கையில் இடைநிலையோடு மிக நீண்ட காத்திருப்பும் தவறாமல் இடம்பெற வேண்டும்.

இணைய முகவரியைக் கொண்டு ஊரைக் கணிக்கும் முறையையும் நம்ப முடியாது. போக்குவரத்து சென்னை வழியே செல்வதால் தீவிலிருந்து வருபவரைக் கருவி சென்னைவாசியாகக் காட்டக்கூடும். உறுப்பினர் பதிவில் தீவின் பெயரைக் கேட்டு வாங்குவதே சரியான வழி. ஒரே கைப்பேசியைக் குடும்பமே பயன்படுத்தும் வீடுகளில் ஒரு வருகை நான்கு வாசகரைக் குறிக்கலாம் என்பதையும் கருத வேண்டும்.

தோல்வியுற்ற தேடல்களின் பதிவேடு மிகவும் பயனுள்ளது. ‘முடிவு இல்லை’ என்று வந்த ஒவ்வொரு சொல்லும் ஒரு வாசகரின் கோரிக்கை. மாதந்தோறும் அதைப் படித்தால், எந்த நூலை வாங்க வேண்டும், எந்தத் தலைப்பை வேறு எழுத்தில் சேர்க்க வேண்டும் என்பவை தெரியவரும். கொல்கத்தாவில் 1972-இல் நிறுவப்பட்ட ராஜா ராம்மோகன் ராய் நூலக நிறுவனம் போன்ற உதவி அமைப்புகளிடம் நிதி கோரும்போது சமூக ஊடக விருப்பக் குறிகளைவிட இந்தப் பதிவேடு வலுவான சான்றாகும்.

தனியுரிமையும் அறமும்

2023-இன் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரைச் சிறார் என வரையறுக்கிறது. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதலைக் கோருகிறது. அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. சிறு தீவுகளில் இன்னோர் எச்சரிக்கையும் தேவை. ‘இந்தத் தீவில் இந்த நோய் பற்றிய நூலை ஒருவர் எடுத்தார்’ என்று அறிக்கையில் வந்தால், அவர் யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும். ஐந்துக்குக் குறைந்த எண்களைப் பக்கத்துத் தீவோடு சேர்த்துக் கூறுவது நல்ல நடைமுறை.

பூர்வகுடிகளைப் பாதுகாக்கும் 1956-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறை இங்கே நடைமுறையில் உள்ளது. ஜாரவா முதலிய மக்களின் படங்களைப் பரப்புரைக்குப் பயன்படுத்தலாகாது. நூலகத்தின் முகம் அதன் வாசகரே. அவர் படத்தையும் அவர் இசைவோடுதான் வெளியிட வேண்டும்.

உலக அனுபவம்

அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2008-இல் தன் பழைய ஒளிப்படங்களை ஃபிளிக்கர் தளத்தில் வெளியிட்டது. பொதுமக்கள் அவற்றுக்குக் குறிப்புகளும் பெயர்களும் தந்ததால் பட்டியலே மேம்பட்டது. நியூயார்க் பொது நூலகம் 2018-இல் இன்ஸ்டகிராமில் முழு நூல்களையே படிக்கும் வடிவில் தந்தது. இவ்விரு முயற்சிகளிலும் பரப்புரைப் பக்கமே சேவையாக மாறியது. தீவுகளின் பழைய படங்கள், குடியேற்ற வரலாறு, மீனவர் வாழ்க்கை பற்றிய ஆவணங்களை வைத்திருக்கும் நூலகங்களும் இதைச் செய்யலாம். தங்கள் தாத்தா பாட்டியின் ஊரை அடையாளம் காட்டும் குடும்பங்கள் அந்தப் பட்டியலை நிறைவாக்கும்.

மதிப்பீடு

அளவீட்டின் பயன், அடுத்த மாதம் என்ன மாற்றம் செய்யலாம் என்ற முடிவில் இருக்கிறது. மூன்று கணக்குகள் ஒரு சிறு நூலகத்துக்குப் போதும்: தீவுவாரியாக நூல் பெற்றவர் விழுக்காடு, நூல் சேர ஆன இடைநிலை நாள்களும் மிக நீண்ட காத்திருப்பும், விடையில்லாமல் போன தேடல்கள். இவற்றை மாதம் ஒரு நாள் ஒதுக்கி ஒரு தாளில் எழுதி, வாசகருக்கும் தெரியும்படி நூலகத்தின் பக்கத்திலேயே வெளியிடலாம். கேம்பெல் பேயில் ஒருவர் கேட்ட நூல் வர ஏறத்தாழ எத்தனை நாள் ஆகும் என்பதை அந்தத் தாளில் பார்க்க முடிந்தால், அவர் அடுத்த நூலையும் கேட்பார்.