பள்ளி மேலாண்மைக் குழு (தமிழ்நாடு)

பள்ளி மேலாண்மைக் குழு என்பது, அரசுப் பள்ளியின் நடப்பைக் கண்காணிக்கவும் அதன் தேவைகளைத் திட்டமிடவும் பெற்றோரைப் பெரும்பான்மையாகக் கொண்டு அமைக்கப்படும் குழு. 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் (2009) 21-ஆம் பிரிவு இதற்கு அடிப்படை. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2022-இல் எல்லா அரசுப் பள்ளிகளிலும் 20 பேர் கொண்ட குழுக்கள் புதிதாக அமைக்கப்பட்டன. தலைவர் பொறுப்பு பெண் பெற்றோர் ஒருவருக்கு. 2024 மறுகட்டமைப்பில் முன்னாள் மாணவர்களும் சேர்க்கப்பட்டனர். நெடுங்காலமாக இருந்துவரும் பெற்றோர் ஆசிரியர் கழகம் வேறு, இக்குழு வேறு.

பெற்றோரின் முதல் கவலை சேர்க்கை. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் ஊர்விட்டு ஊர் போகும் குடும்பங்களிடம் பல நேரம் பிறப்புச் சான்றும் இராது, மாற்றுச் சான்றிதழும் இராது. வயதுச் சான்று இல்லை என்பதற்காகவோ மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதற்காகவோ சேர்க்கையை மறுக்கக் கூடாது. ஆண்டின் நடுவில் வந்தாலும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சட்டத்தின் 5, 14, 15-ஆம் பிரிவுகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன. அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் 17-ஆம் பிரிவு தடைசெய்கிறது. மீறும் ஆசிரியர் மீது பணி விதிகளின்படி நடவடிக்கை உண்டு. பாலியல் குற்றம் நடந்ததாக அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவிக்காமல் மறைப்பது போக்சோ சட்டப்படி (2012) தண்டனைக்குரியது. பள்ளியின் பேரைக் காப்பாற்ற ‘உள்ளுக்குள் பேசி முடிப்பது’ ஆகவே குற்றம்.

‘எல்லாரும் பாஸ் என்றால் பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்குமா?’ என்பது வீடுகளில் அதிகம் கேட்கும் கேள்வி. யாரையும் நிறுத்திவைக்கக் கூடாது என்றிருந்த சட்டத்தை 2019-இல் மத்திய அரசு திருத்தி, 5, 8-ஆம் வகுப்புகளில் தேர்ச்சி பெறாதவரை நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு இடமளித்தது. தமிழ்நாடு அவ்விரு வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வை அறிவித்தது. கடும் எதிர்ப்பு எழவே 2020 பிப்ரவரியில் கைவிட்டது. அந்த முடிவு சரியானது. பத்து வயதில் தோற்றதாக முத்திரை குத்தப்பட்ட பிள்ளை பள்ளியை விட்டே போய்விடும் அபாயம் அதிகம். ஆனால் பெற்றோரின் கேள்வி அதோடு தீர்ந்துவிடவில்லை. அடிப்படை எழுத்தறிவுக்காக 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் அதற்கு அரசு தந்த பதில். அது எவ்வளவு பலித்தது என்பதைத் தாய் ஒருவர் வீட்டிலேயே பார்த்துவிடலாம்: மகளிடம் மூன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்து ஒரு பத்தி வாசிக்கச் சொன்னால் போதும்.

ஆசிரியர் பற்றாக்குறையில் சட்டமே கைகொடுக்கவில்லை. தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது அதன் அட்டவணை. ஐந்து வகுப்புக்கு இருவர். ஒருவர் விடுப்பில் போனாலோ கூட்டத்துக்குப் போனாலோ மற்றவர் ஐந்தையும் ஒரே அறையில் உட்கார வைக்கிறார். 2022-இல் காலியிடங்களில் மேலாண்மைக் குழு வழியே தற்காலிக ஆசிரியர்களை நியமிக்க அரசு அனுமதித்தது. இடைநிலை ஆசிரியருக்கு அப்போது மாதம் 7,500 ரூபாய்தான். அரசு சுமக்க வேண்டியதைப் பெற்றோர் தலையில் இறக்கிவைத்த ஏற்பாடு அது.

குழுவின் உண்மையான பலம் 22-ஆம் பிரிவில் இருக்கிறது. குழு தயாரிக்கும் பள்ளி மேம்பாட்டுத் திட்டமே அரசு நிதி ஒதுக்கீட்டுக்கு அடிப்படையாக வேண்டும். கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை என்று வாசலில் நின்று சொன்னால் ‘பார்க்கிறோம்மா’ என்பதோடு போய்விடும். அதுவே கூட்டத்தில் தீர்மானமாகி, பதிவேட்டில் ஏறி, உறுப்பினர்கள் கையெழுத்திட்டால் தலைமையாசிரியரும் வட்டாரக் கல்வி அலுவலரும் பதில் சொல்லியாக வேண்டும். பல பள்ளிகளில் கூலி வேலைக்குப் போகும் தாய்மாரிடம் பள்ளி விடும் நேரத்தில் கையெழுத்து மட்டும் வாங்கப்படுவதுதான் இந்த ஏற்பாட்டின் பெரிய ஓட்டை. வாசித்துக் காட்டாத தீர்மானத்தில் யாரும் கையெழுத்திட வேண்டியதில்லை.

‘புகார் சொன்னால் பிள்ளை மேல் காட்டுவார்களோ’ என்ற அச்சமும் நியாயமானதே. அரசின் 14417 கல்வி உதவி எண்ணும், 1098 குழந்தைகள் உதவி எண்ணும் அதற்காகவே உள்ளன. உரிமை மறுக்கப்பட்டால் 32-ஆம் பிரிவின்படி உள்ளாட்சி அமைப்பிடம் எழுத்தில் புகார் தரலாம். இரு தரப்பையும் விசாரித்து மூன்று மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். அதிலும் நிறைவில்லை என்றால் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திடம் மேல்முறையீடு செய்யலாம்.