ஒழுகின குழாயும் சொல்லாத வார்த்தையும்

பேர்லயே கிணறு இருக்கிற மல்லாங்கிணறுல, நான் சின்னப் பையனா இருந்தப்போ வாடகை வீட்டில் குடியிருந்தோம். மாடித் தொட்டியிலிருந்து இறங்குற குழாய் கொல்லைச் சுவரோரம் கசியும். அம்மா அடியில ஒரு குடத்தை வச்சுட்டாங்க. விடியறதுக்குள்ள அரைக் குடம் சேர்ந்துடும். உப்புத் தண்ணிதான், ஆனா பாத்திரம் கழுவ ஆகுமே! அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையில தண்ணி சும்மா கிடைக்கும்போது அதைப் போய் யாராவது வீட்டுக்காரர்கிட்ட புகார் சொல்வாங்களா?

காலி பண்ணும்போது பார்த்தா, சுவர் ஊறி உப்புப் பூத்துப் பொருபொருன்னு உதிருது. "முதல்லயே ஏன் சொல்லலை?" என்று கேட்டு அட்வான்ஸில் பாதியைப் பிடித்துக்கொண்டார் வீட்டுக்காரர். "குழாய் உங்களது, நான் என்ன செய்ய?" என்றார் அப்பா. எடுபடவில்லை.

யார் பக்கம் நியாயம் என்று பிற்பாடு தேடிப் படித்தேன். முதலில் 1882-ம் வருஷத்து சொத்துரிமை மாற்றுச் சட்டம், 108-வது பிரிவு. வீட்டுக்காரர் செய்யக் கடமைப்பட்ட ரிப்பேரை, நோட்டீஸ் கொடுத்தும் நியாயமான காலத்துக்குள் செய்யலைன்னா, குடியிருப்பவரே செய்துவிட்டு செலவை வட்டியோட வாடகையில கழிச்சுக்கலாம். வட்டியோட! கேட்க ஜோராத்தான் இருக்கு. ஆனா 'கடமைப்பட்ட' என்ற வார்த்தையில்தான் சூட்சுமம். பேச்சில் ஒத்துக்கொண்டிருந்தால்தான் கடமை. எங்க பக்கம் வீட்டு ஒப்பந்தம்னா வாய் வார்த்தைதான், அதுல குழாயைப் பத்தி யார் பேசுறா?

யுத்த காலத்தில் வீட்டுக்குத் தட்டுப்பாடு வந்து, சென்னை மாகாணத்தில் வாடகைக் கட்டுப்பாடு வந்தது. 1946, 1949 சட்டங்களைத் தாண்டி 1960-ல் வந்ததுதான் ரொம்ப நாள் நின்றது. அதன் 22-வது பிரிவுப்படி வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் மனு போட்டு ரிப்பேர் செய்யலாம். ஆனால் கழிப்பது வருஷ வாடகையில் பன்னிரண்டில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. அதாவது ஒரு மாச வாடகை. இன்னொரு வில்லங்கம், சட்டம் நேரடியாகச் செல்லுபடியானது சென்னை, மதுரை, அப்புறம் நகராட்சிகளில். மற்ற ஊர்களுக்கு அரசாங்கம் தனியாக அறிவிக்கணும். பக்கத்து அருப்புக்கோட்டைக்காரருக்கு இருந்த வழி எங்களுக்குத் தானாக வந்துவிடாது!

2017-ல் புதுச் சட்டம் போட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். 1960 சட்டம் போயிற்று. புதுசில் அட்டவணை போட்டே பிரித்திருக்கிறார்கள். குழாயை மாற்றுவது வீட்டுக்காரர் கணக்கு. டேப், அதன் வாஷர், சாக்கடை அடைப்பு எல்லாம் குடியிருப்பவர் கணக்கு. கூடவே ஒரு வரி: சேதம் தெரிந்தால் குடியிருப்பவர் சீக்கிரமே வீட்டுக்காரருக்குத் தெரிவிக்கணும்.

இன்னிக்கு நடந்திருந்தா குழாய்ச் செலவு அவரோடது, சொல்லாமல் விட்டது எங்க தப்பு. ஆனாலும் பாதி அட்வான்ஸ் அநியாயம்தான் சார்! சுவர் பூசின கொத்தனார் கூலி அதில் கால்வாசி கூட வந்திருக்காது.

இதையெல்லாம் அம்மாகிட்ட விளக்கிச் சொன்னேன். "சொல்லியிருந்தா குழாயை அடைச்சிருப்பாக. அப்புறம் பாத்திரம் கழுவ நீயா தண்ணி எடுத்துட்டு வந்திருப்ப?"ன்னாங்க.