இருப்புப்பாதையில் பிறந்த கணிதம்



பிழைப்பை நாடி வெளிமாநிலங்களில் குடியேறியுள்ள நம்மவர்க்கு இருப்புப்பாதையைப் பற்றி எடுத்துரைக்க வேண்டுவதில்லை. தில்லிக்கும் சென்னைக்கும் இடையே பயணம் செய்வோர் இடார்சி, நாகபுரி, பலார்ஷா, விஜயவாடா என்னும் பெயர்களை வாய்பாடு போல் ஒப்பிப்பர். இடையில் ஓரிடத்தில் வெள்ளத்தால் பாதை அறுந்துவிட்டால், வடக்கே எத்தனை வண்டிகள் புறப்படக் காத்து நின்றாலும் பயனில்லை என்பதையும் அநுபவத்தால் அறிவர். ஏறத்தாழ இந்த அநுபவத்தையே கணித உண்மையாக நிறுவியவர்களின் வரலாற்றை இன்று சொல்ல முற்படுகிறேன். நான் கணிதம் கற்றவன் அல்லேன். கலைப்பட்டம் பெற்று, மத்திய சர்க்கார் அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்புப் பணி செய்பவன். எனினும் இஃது யுத்தமும் அரசியலும் ஊடாடிய கதையாதலின், கணக்கைக் கண்டு அஞ்சுவோரும் செவிசாய்க்கலாம்.

கதை ருஷ்ய நாட்டில் தொடங்குகிறது. 1930-ஆம் ஆண்டில் சோவியத் போக்குவரத்துத் துறை வெளியிட்ட தொகுப்பு நூலொன்றில் டால்ஸ்டாய் என்பவர் ஒரு கட்டுரை எழுதினார். நாவலாசிரியர் டால்ஸ்டாய் அல்லர். அவர் 1910-லேயே காலமாகிவிட்டார். இவர் ஏ. என். டால்ஸ்டாய். உப்பு, சிமெண்டு முதலிய சரக்குகளை, அவை கிடைக்கும் இடங்களிலிருந்து தேவைப்படும் ஊர்களுக்கு எவ்வாறு பகிர்ந்தனுப்பினால் வண்டிகள் ஓடும் மொத்தத் தூரம் மிகக் குறையும் என்பதே அவர் எழுப்பிய வினா.

அந்தந்த ஊருக்கு அருகிலுள்ள கிடங்கிலிருந்து அனுப்பிவிட்டால் போதாதோ என்று நமக்குத் தோன்றும். போதாது. கிடங்கில் உள்ள சரக்கு அளவுக்குட்பட்டது. ஓர் ஊருக்கு முதற் கிடங்கு 300 கிலோமீட்டர், இரண்டாவது கிடங்கு 500 கிலோமீட்டர் எனக் கொள்வோம். மற்றோர் ஊருக்கு முதற் கிடங்கு 100, இரண்டாவது 120. முதற் கிடங்கின் சரக்கு ஓர் ஊருக்கு மட்டுமே காணுமாயின், அதனை அருகிலுள்ள ஊருக்கு அனுப்புவது பிழை. தொலைவிலுள்ள ஊருக்கு அனுப்புவதே முறை. ஏனெனில் அங்கே மிச்சமாவது 200 கிலோமீட்டர், இங்கே 20 மட்டுமே. பார்க்க வேண்டியது தூரத்தையன்று, தூரங்களின் வேற்றுமையை. கிடங்குகள் இரண்டாக இருக்கும்வரை இவ்வளவே போதும். பலவானால், அனுப்பீடுகளை ஒரு வட்டமாகத் தொடர்ந்து, ஒன்றில் குறைத்து அடுத்ததில் கூட்டி, மொத்தத் தூரம் குறைகிறதா என்று பார்க்க வேண்டும் என்றார் அவர். 10 கிடங்குகள், 68 ஊர்கள் கொண்ட பெருங்கணக்கொன்றைக் கணிப்பொறியின் துணையின்றியே செய்து முடித்து, 395,052 கிலோடன்-கிலோமீட்டர் என்று விடை கண்டார். பிற்காலத்தார் அதனைக் கணிப்பொறியிலிட்டுச் சரிபார்த்தபோது, அதனினும் குறைந்த விடை இல்லை என்பது புலனாயிற்று.

அடுத்து வருபவர் லெனின்கிராடைச் சேர்ந்த கான்டரோவிச். ஒட்டுப்பலகை உற்பத்தி நிறுவனமொன்று, தன் இயந்திரங்களுக்கு வேலையைப் பங்கிடும் வழியை 1938-இல் இவரிடம் கேட்டது. அச்சிறு வினா பொருளாதாரம் முழுவதற்கும் பொருந்தும் என்று கண்டு, 1939-இல் அவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஆனால் அவருடைய முறையில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மதிப்பெண் தானே வெளிப்பட்டது. அது விலையை ஒத்திருந்தது. விலையைச் சந்தை நிருணயிப்பதன்று, திட்டமே நிருணயிப்பது என்ற கொள்கை ஆட்சி புரிந்த நாட்டில் இதைச் சொல்வது எளிதன்று. போக்குவரத்தைப் பற்றி அவரும் கவூரினும் 1940 அளவில் எழுதிய கட்டுரை 1949-இல்தான் அச்சேறியது.

மேற்கே இதே வினாவை, ருஷ்யர் செய்ததை அறியாமலே, வேறு சிலர் எழுப்பினர். 1941-இல் ஹிட்ச்காக் என்னும் அமெரிக்கர் பகிர்வுக் கணக்கைப் பற்றி எழுதினார். யுத்த காலத்தில், நேசநாடுகளின் கப்பல்கள் வெறுமையாகத் திரும்பியோடும் தூரத்தைக் குறைக்க, வாஷிங்டனில் பணியாற்றிய டச்சு நாட்டினரான கூப்மன்ஸ் முயன்றார். 1947-இல் டான்ட்சிக் இவ்வகைக் கணக்குகள் யாவற்றையும் தீர்க்கும் பொதுமுறையொன்றை வகுத்தார். 1975-இல் பொருளாதார நோபல் பரிசு கான்டரோவிச்சுக்கும் கூப்மன்ஸுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. டான்ட்சிக் விடுபட்டது நியாயமன்று என்பது பலர் கருத்து. என் கருத்தும் அதுவே.

இனிக் கதையின் உச்சத்துக்கு வருவோம். யுத்தம் முடிந்து, பனிப்போர் மூண்டிருந்த காலம். அமெரிக்காவில் ராண்ட் என்னும் ஆராய்ச்சி நிலையத்தில் ஹாரிஸ் என்ற கணித அறிஞரும், ராஸ் என்ற ஓய்வுபெற்ற படைத்தலைவரும் சோவியத் நாட்டிலிருந்து கிழக்கு ஐரோப்பாவுக்குச் செல்லும் இருப்புப்பாதைகளை ஆராய்ந்தனர். படத்தில் 44 இடங்கள். அவற்றை இணைக்கும் பாதைகள் 105. ஒவ்வொரு பாதைக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. அப்பாதைகளின் வழியே மேற்கு நோக்கி அனுப்பக்கூடிய மிகுதியான சரக்கு எவ்வளவு என்பது அவர்கள் கேட்ட வினா. வினாவின் உட்கிடையோ வேறு: எந்தெந்தப் பாதையைக் குண்டு வீசித் தகர்த்தால் அப்போக்குவரத்து முற்றிலும் நின்றுபோகும்?

ராண்ட் நிலையத்திலேயே பணிபுரிந்த ஃபோர்டு, ஃபுல்கர்சன் என்னும் இருவரிடம் இவ்வினாவைச் சேர்ப்பித்தவர் ஹாரிஸ். அது 1955-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் என்று அவ்விருவரும் 1962-இல் வெளியிட்ட தம் நூலில் எழுதியுள்ளனர். ஆனால் அவர்களுடைய முதல் அறிக்கை 1954 நவம்பர் 19-ஆம் தேதியிட்டது! தம் வரலாற்றைத் தாமே எழுதுவோர்க்கும் நினைவு தவறும் போலும்.

அவர்கள் கண்ட முறையைக் காகிதத்தில் கோடிட்டுப் பார்க்கலாம். புறப்படும் இடத்திலிருந்து கிழக்கூருக்கு ஒரு பாதை, மேற்கூருக்கு ஒரு பாதை. அவ்விரண்டு ஊர்களிலிருந்தும் சேருமிடத்துக்கு ஒவ்வொரு பாதை. கிழக்கூரிலிருந்து மேற்கூருக்கு ஓர் இணைப்புப் பாதை. ஒவ்வொன்றிலும் நாளொன்றுக்குப் பத்து வண்டிகள் செல்லலாம். ஆராயாமல் முதற் பத்து வண்டிகளையும் கிழக்கூர், மேற்கூர், சேருமிடம் என்று அனுப்பிவிட்டோம். இப்போது மேற்கூரிலிருந்து சேருமிடம் செல்லும் பாதை நிறைந்துவிட்டது. மேலும் பத்து வண்டிகளை மேற்கூர் வரை கொண்டுவரலாம்; அதற்கப்பால் வழியில்லை. முன்னோக்கி மட்டும் தேடுபவன் பத்தோடு நின்றுவிடுவான். ஃபோர்டும் ஃபுல்கர்சனும் பின்னோக்கியும் தேடலாம் என்றனர். இணைப்புப் பாதையில் முன்னர் அனுப்பிய பத்தை ரத்துச் செய்து, கிழக்கூரிலிருந்து நேரே சேருமிடத்துக்குத் திருப்பிவிடுக. மேற்கூரில் புதிதாக வந்த பத்துக்கு அங்கே இடம் கிடைத்துவிடும். மொத்தம் இருபது. செய்துவிட்ட முடிவைத் திரும்பப் பெறும் வழியையும் பாதைகளுள் ஒன்றாக எண்ணியதே இம்முறையின் உயிர்.

இவ்வாறு தேடித்தேடி, இனி வழியே இல்லை என்னும் நிலை வரும்போது, படத்தின் குறுக்கே ஒரு கோடு தானாகவே புலப்படுகிறது. கோட்டைக் கடந்து செல்லும் பாதைகள் யாவும் நிறைந்திருக்கும். அப்பாதைகளின் கொள்ளளவுகளைக் கூட்டினால், அனுப்பக்கூடிய மிகுதியான சரக்கின் அளவே வரும். ஓர் இம்மியும் கூடாது, குறையாது. எவ்வளவு மிகுதியாக அனுப்பலாம் என்பதும், எவ்வளவு குறைவாக வெட்டினால் தடுக்கலாம் என்பதும் ஒரே எண் என்பது இத்தேற்றம். இதனை ஈலியஸ், ஃபைன்ஸ்டைன், ஷானன் என்னும் மூவரும் 1956-இல் தனியே நிறுவினர். கணித நூல்களில் அக்கோட்டுக்கு 'வெட்டு' என்று பெயர். சொற்களோடு மல்லாடும் தொழிலுடைய எனக்கு அச்சொல் சற்று உறுத்துகிறது. கணித அறிஞர்க்கு அது காகிதத்தின்மேல் கோடு. படைத்தலைவர்க்கோ தகர்ந்த பாலம். ஒரே சொல்லால் இருவரும் பேசிக்கொண்டனர்.

பின்னர் நிகழ்ந்தவற்றைச் சுருங்கச் சொல்வேன். 1970-இல் சோவியத் நாட்டின் தீனிட்ஸும், 1972-இல் எட்மண்ட்ஸ், கார்ப் என்போரும் இத்தேடலை விரைவுபடுத்தினர். 1984-இல் நம் நாட்டவரான நரேந்திர கர்மார்கர், அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றுகையில், டான்ட்சிக்கின் முறைக்குப் போட்டியாகப் புதிய வழியொன்றைக் காட்டினார். 2022-இல் அறுவர் கொண்ட குழுவொன்று, பாதைப்படத்தைப் படித்து முடிப்பதற்காகும் நேரத்தைவிடச் சிறிதே மிகுந்த நேரத்தில் விடை காணும் முறையை, கோட்பாட்டளவில், நிறுவியது.

ஹாரிஸும் ராஸும் எழுதிய அறிக்கை 1955 அக்டோபர் 24-ஆம் தேதியிட்டது. அது நெடுங்காலம் இரகசியமாக வைக்கப்பட்டிருந்தது. ஆம்ஸ்டர்டாம் நகரின் கணித அறிஞர் ஸ்க்ரைவர் கேட்டுக்கொண்டதன்பேரில் 1999 மே 21 அன்று பென்டகன் அதனை வெளியிட இசைந்தது. ஸ்க்ரைவர் அதனையும் 1930-இன் டால்ஸ்டாய் கட்டுரையையும் அருகருகே வைத்துப் படித்தார். இரண்டும் சோவியத் இருப்புப்பாதைகளைப் பற்றியவையே. ஒன்று அவ்வழியே சரக்கைக் குறைந்த தூரத்தில் ஊர்தோறும் சேர்க்கக் கணக்கிட்டது; மற்றொன்று அப்போக்குவரத்தைக் குறைந்த செலவில் அறுக்கக் கணக்கிட்டது. அமெரிக்க அறிக்கையின் படத்தில் வெட்டுக்கோடு வரையப்பட்டிருந்தது. அதனூடே செல்லக்கூடிய சரக்கின் மொத்த அளவு 163,000 டன்.