சுரங்கக் கருவியும் கரண்டு பில்லும்: ஒரு சிறு வரலாறு

'மைனிங்' என்றதும் நம் மாணவர்களுக்கு வரலாற்றுப் பாடத்தின் ஈயச் சுரங்கம்தான் முதலில் நினைவுக்கு வரும். இன்று அந்தச் சொல் பிட்காயினுக்கும் வந்துவிட்டது. ஜாசின், ஆசகான் பக்கத்துத் தோட்டங்களை விட்டுத் தாமான் வீடுகளில் குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளும், "பழைய மெஷின் மலிவா கிடைக்குது டீச்சர், வீட்டுல போட்டா காசு வருமா?" என்று கேட்கிறார்கள். இதற்கான விடை அந்தக் கருவிகளின் வரலாற்றிலேயே இருக்கிறது.

பிட்காயின் 2009 ஜனவரி 3இல் தொடங்கியது. கணினிகள் கோடிக்கணக்கான முறை ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கும். சரியான விடையை முதலில் கண்டுபிடிக்கும் கணினிக்கு நாணயம் கிடைக்கும். சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு முறைதான் இப்படி ஒரு விடை கிடைக்கும். உலகில் மெஷின்கள் கூடினால், ஏறக்குறைய இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கணக்கின் கடினமும் கூட்டப்படும். ஆகவே எல்லாரும் வேகமான மெஷின் வாங்கினாலும் மொத்த நாணயம் கூடாது. ஒவ்வொருவரின் பங்குதான் மாறும். பரிசும் ஏறத்தாழ நான்கு ஆண்டுக்கு ஒரு முறை பாதியாகிறது. 2009இல் 50ஆக இருந்தது, 2024 ஏப்ரலில் 3.125 ஆனது.

தொடக்கத்தில் சாதாரண வீட்டுக் கணினியே போதும். 2010இல் வீடியோ விளையாட்டுக்கான கிராபிக்ஸ் கார்டு அந்த இடத்தைப் பிடித்தது. 2013இல் இந்த ஒரு கணக்கை மட்டுமே செய்யும் 'அசிக்' சில்லுகள் விற்பனைக்கு வந்தன. அதோடு பிட்காயினில் வீட்டுக் கணினியின் காலம் முடிந்தது. கிராபிக்ஸ் கார்டு வைத்திருந்தவர்கள் ஈத்தரியம் பக்கம் போனார்கள். 2022 செப்டம்பர் 15இல் ஈத்தரியம் மைனிங் முறையையே கைவிட்டது. அதற்கென்று கார்டுகளை வாங்கிக் குவித்தவர்களின் முதலீடு அன்றே மதிப்பிழந்தது.

ஈயத்தின் கதையும் இதுதான். டூலாங் தட்டில் மணலை அலசியவர்களும், சிறு முதலாளிகளின் சுரங்கங்களும் இருந்த இடத்துக்கு, 1910களில் ராட்சத ஈயக்கப்பல்கள் வந்தன. பெரிய மூலதனம் உள்ளவர் கை ஓங்கியது. கருவி மாறும்போது யார் பிழைப்பார் என்பதும் மாறுகிறது.

அப்படியானால் கருவியை எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது? வேகத்தை மட்டும் பார்க்கக் கூடாது. ஒரே அளவு வேலைக்கு எவ்வளவு மின்சாரம் குடிக்கிறது என்று பார்க்க வேண்டும். 2016இல் வந்த ஆண்ட்மைனர் எஸ்9, ஒரு டெராஹாஷ் வேலைக்குச் சுமார் 98 ஜூல் செலவழித்தது. 2023இல் வந்த எஸ்21க்கு 17.5 ஜூல் போதும். பழைய மெஷின் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இதுதான்.

நம் வீட்டுக் கணக்கைப் போடுவோம். எஸ்9 சுமார் 1,300 வாட் இழுக்கும். நாள் முழுக்க ஓடினால் 30 நாளில் 936 யூனிட். 2014 முதல் 2025 ஜூன் வரை இருந்த டிஎன்பி வீட்டுக் கட்டணத்தில், மாதம் 300 யூனிட் பயன்படுத்திய குடும்பத்துக்கு வரியின்றி 77 ரிங்கிட் பில் வரும். மெஷின் சேர்ந்ததும் 1,236 யூனிட், பில் 587 ரிங்கிட். கூடுதல் யூனிட்டுகள் எல்லாம் விலை உயர்ந்த படிகளில் விழுகின்றன. புதிய எஸ்21 வாங்கலாமே என்றால், அது 3,500 வாட். நம் சுவரிலுள்ள 13 ஆம்பியர் பிளக் தாங்கும் அளவோ சுமார் 3,000 வாட்தான். தனி வயரிங் வேண்டும். இரைச்சலும் வெப்பமும் வேறு.

இந்தக் கணக்கு கட்டுப்படியாகாதபோது சிலர் மீட்டரில் கைவைத்தார்கள். 2021 ஜூலையில் மீரி காவல்துறை, மின்திருட்டு வழக்குகளில் பறிமுதல் செய்த 1,069 மெஷின்களை ரோட்டு ரோலரால் நசுக்கியது. 2020 முதல் 2025 ஆகஸ்டு வரை, சட்டவிரோத மைனிங் நடந்த 13,827 இடங்களால் டிஎன்பிக்கு ஏறத்தாழ 460 கோடி ரிங்கிட் இழப்பு. மைனிங் செய்வதே குற்றம் என்று சட்டம் சொல்லவில்லை. மின்சாரத்தைத் திருடுவதுதான் குற்றம். "வாடகைக்கு ஒரு ரூம் குடுங்க, மெஷின் வைக்கிறோம்" என்று யாராவது கேட்டு வந்தால், பில் யார் பெயரில் வருகிறது என்பதை வீட்டுக்காரர்கள் யோசிக்க வேண்டும்.

தொழில்நுட்பம் பற்றிக் கட்டுரை எழுதும் மாணவர்கள் 'நன்மை, தீமை' என்ற பட்டியலோடு நிறுத்திவிட வேண்டாம். கருவியின் விலை என்ன, மாதம் எத்தனை யூனிட், அடுத்த மாடல் வந்த பிறகு இது என்னவாகும் என்ற மூன்று கேள்விகளையும் எழுப்பிக் கணக்கோடு காட்டுங்கள். கருத்துக்கு வலு சேரும். பழைய மெஷினை வாங்கலாமா என்று வீட்டில் பேச்சு வரும்போதும், அந்தக் கணக்கைத் தாளில் போட்டு அப்பா அம்மாவிடம் காட்டலாம்.