பட்டுவாடாப் பாதைக் கணக்கு

அஞ்சலகத்திலிருந்தோ கிடங்கிலிருந்தோ கிளம்பும் ஆள் அல்லது வண்டி, கடிதங்களையும் பார்சல்களையும் சேர்த்துவிட்டுக் குறைந்த செலவில் திரும்பும் வழியைத் தேடும் கணிதத் துறை.

கோனிக்ஸ்பர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒருமுறை மட்டுமே கடந்து உலாவர முடியாது என்று 1736இல் லியோனார்ட் ஆய்லர் காட்டினார். ஒற்றைப்படை எண்ணிக்கையில் வழிகள் கூடும் சந்திப்புகளே அதற்குத் தடை. எல்லா வழிகளிலும் போய்த் திரும்ப, நடந்த வழியில் மறுபடி நடக்கத்தான் வேண்டுமென்றால், அதை எவ்வளவு குறைக்கலாம்? 1960இல் சீனக் கணிதவியலாளர் குவான் மெய்கு இதைத் தபால்காரரை வைத்துக் கேட்டார். அதனால் இதற்குச் 'சீனத் தபால்காரர் கணக்கு' என்றே பெயர். ஒற்றைப்படைச் சந்திப்புகளை மொத்தத் தூரம் குறையும்படி இரண்டிரண்டாக இணைத்து, அந்த இணைப்பு வழிகளில் மட்டும் மறுமுறை நடந்தால் போதும். இதைப் பெரிய நகரத்துக்கும் கணினியில் விரைவாகச் செய்யும் முறையை 1973இல் ஜாக் எட்மண்ட்ஸும் எல்லிஸ் ஜான்சனும் வெளியிட்டனர். இருவழித் தெருக்களோடு சில ஒருவழித் தெருக்கள் கலந்தால் மட்டும் இந்த எளிமை போய்விடும்.

எல்லாத் தெருவுக்கும் போவதைவிடச் சில இடங்களுக்கு மட்டும் போவது சுலபம் என்றுதான் தோன்றும். கணக்கில் நிலைமை நேர்மாறு. பார்சல் வண்டி அன்றைக்குச் சரக்கு உள்ள வாசல்களுக்கே போகிறது; எதற்கு முன், எதற்குப் பின் என்பதே தலைவலி. 20 வாசல்களுக்கான வரிசைகளின் எண்ணிக்கையே 19 இலக்கம். எப்போதும் ஆகச் சிறந்த விடையை விரைவாகத் தரும் முறை இன்றுவரை இல்லை.

பல வண்டிகளுக்கான கணக்கை 1959இல் ஜார்ஜ் டான்ட்சிக்கும் ஜான் ராம்சரும் வகுத்தனர். அவர்கள் எடுத்துக்கொண்டது பெட்ரோல் லாரிகளை. 1964இல் கிளார்க், ரைட் இருவரும் தந்த சேமிப்பு முறை, வாசலுக்கொரு வண்டி எனத் தொடங்கி, அதிகத் தூரம் மிச்சமாகும் இணைப்புகளை முதலில் சேர்க்கும். ஆகச் சிறந்த விடைக்கு உத்தரவாதம் இல்லை. ஆனாலும் இன்றும் பாடநூல்களில் நிற்கிறது.

தூரம் மட்டுமே அளவுகோல் அல்ல. அமெரிக்காவில் வண்டிகள் வலப்பக்கம் ஓடுவதால், இடப்பக்கம் திரும்ப எதிர்வண்டிகளுக்காகக் காத்திருக்க வேண்டும். அதனால் அங்குள்ள யுபிஎஸ் பார்சல் நிறுவனம் இயன்றவரை அத்திருப்பங்களைத் தவிர்க்கிறது. பாதை வகுக்கும் அதன் 'ஓரியான்' மென்பொருள் 2016க்குள் சுமார் 55,000 பாதைகளுக்கு வந்தது. இதனால் ஆண்டுக்கு ஏறக்குறைய 10 கோடி மைல் மிச்சம் என்பது அந்நிறுவனத்தின் கணக்கு.