ஒலியும் இல்லமும்

வானொலிப் பெட்டி பழுதென்று கொள்வதற்கு முன் அது வீற்றிருக்கும் அறையை ஆராய்தல் நன்று. இதனை அளந்து காட்டியவர் அமெரிக்கப் பௌதிக அறிஞர் வாலஸ் சபின். 1895-இல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் புதிய விரிவுரை மண்டபத்தில், சொன்ன சொல் ஐந்தரை வினாடி நின்றொலித்து அடுத்த சொற்களை விழுங்கிற்று. சபின் வேறோர் அரங்கின் இருக்கைத் திண்டுகளை இராக்காலத்தில் கொணர்வித்துப் பரப்பினார். ஒலி ஏறத்தாழ ஒரு வினாடியில் அடங்கிற்று! மண்டபத்தை இடிக்க வேண்டியிருக்கவில்லை.

கொழும்பில் 1925-இல் ஒலிபரப்புத் தொடங்கியது. பின்னாளில் பெட்டி கரையோரக் கிராமங்களை அடைந்தபோது, திண்டுகளின் தொழிலைக் கிடுகு வீடுகளே செய்தன. ஓலையின் இடுக்கில் புகுந்த ஒலி மீள்வதில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் திருகோணமலைக் கரையில் எழுந்த சீமெந்துச் சுவர்களோ ஒலியைத் திருப்பியடிப்பவை. சாம்பல்தீவுக் கடற்றொழிலாளருக்குப் புயலறிவிப்பில் ஓர் ஊர்ப்பெயர் தெளியாமற் போவது சிறு விடயமன்று.

பெட்டியை மூலையில் வைத்தால் தாழ்ந்த ஒலி வீங்கிச் சொல்லை மறைக்கும். சுவரினின்று இரண்டு முழம் விலக்கி, செவிமட்டத்தில் வையுங்கள். எதிர்ச்சுவரில் தடித்த திரையொன்றை மடிப்புகளோடு தொங்கவிடுங்கள். மெல்லிய சேலைத் துணி போதாது.